கொடைக்கானல் கோல்ஃப் மைதானம்: ஆடியவர்கள் சொல்லும் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பத்து ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் ஆடி வருகிறேன். சமவெளியில் ஆட்டம் பழகியவர்கள் அங்கே முதலில் தடுமாறுவது தூரக் கணக்கில்தான். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் இருக்கும் அந்த மைதானத்தில் காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்துக்கு எதிர்ப்பு குறைந்து, அது வழக்கத்தைவிடத் தொலைவாகப் போகிறது. சென்னையின் கிண்டி மைதானத்தில் 150 கஜத்துக்கு நான் எடுக்கும் ஏழாம் எண் அயர்ன் (இரும்புத் தலை மட்டை), முதல் நாள் கொடைக்கானலில் பந்தைக் குழி இருக்கும் புல்தளமான கிரீனுக்கு அப்பால் இருந்த மரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் விடியற்காலைக் குளிரில் பந்து இறுகிப்போய் அவ்வளவு துள்ளாது. ஆகவே ஏழு மணிக்குச் சரியாக இருந்த கணக்கு பத்து மணி வெயிலில் மறுபடியும் மாறிவிடும்.

இந்த கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1895. கொடைக்கானலின் புகழ்பெற்ற சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் இது நான்கு ஆண்டு மூத்தது. மலைக்கு மோட்டார் போகும் லாஸ் காட் சாலை வந்து சேர்ந்ததோ 1910-களின் நடுவில்தான். அதற்கு முன்பு அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, பெரியகுளத்தை ஒட்டிய கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ டோலியிலோதான் மேலே ஏற வேண்டும். ஹிக்கரி மரக் காம்பு வைத்த மட்டைகளும், கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை இறுக்கிச் செய்த பந்துகளும் அந்த ஒற்றையடிப் பாதையில் யாரோ ஒரு கூலியாளின் தோள்மீதுதான் ஏறிப் போயிருக்க வேண்டும். அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு ஒவ்வொரு முறையும் உண்டு.

இனி நான் பகிர வந்த நிகழ்ச்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜனவரிக் காலை ஒன்றில், இரண்டாவது அடிக்காக என் பந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பை சுமந்து வந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். எதிரே மரநிழல் என்று நான் நினைத்திருந்த கருமை மெல்லத் தலையைத் தூக்கியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்கள், மூச்சுவிடும்போதெல்லாம் மூக்கிலிருந்து எழும் ஆவி, ஆளுயரத்துக்கு நிமிர்ந்த முதுகு. ஊரில் காட்டெருமை என்று சொன்னாலும் அது எருமை இனம் அன்று, காட்டுமாடு. சங்கப் பாடல்களில் வரும் ‘ஆமா’ என்ற விலங்கு அதுதான் என்பார்கள். வளர்ந்த கடா ஒன்று ஆயிரம் கிலோவை நெருங்கும். என் பந்து அதன் முன்னங்காலிலிருந்து நான்கு அடி தூரத்தில் கிடந்தது. “பந்து கிடக்கட்டும் சார், முதுகைக் காட்டாம அப்படியே பின்னால வாங்க” என்றார் அண்ணன். அதன்படியே பின்வாங்கி, இருபது நிமிடம் காத்திருந்தோம்.

2019 முதல் நடப்பில் உள்ள கோல்ஃப் விதிகள் இதற்கெல்லாம் இடம் வைத்திருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. ஆபத்தான விலங்கு பந்துக்கு அருகில் நின்றால், தண்டனையாகக் கணக்கில் சேரும் கூடுதல் அடி இல்லாமலே பாதுகாப்பான வேறிடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். விலங்கு பந்தை நகர்த்திவிட்டால், தண்டனை இன்றிப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். சாணத்தையும் உதிர்ந்த இலை, சுள்ளியைப் போலவே அப்புறப்படுத்தலாம். அன்று அந்த மாடு கடந்து போன கிரீனில், பனியில் நனைந்த புல்லுக்குள் இரண்டு விரல் ஆழத்துக்குப் பிளவுபட்ட குளம்புத் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அண்ணன் மண்டியிட்டு, ஒவ்வொரு தடத்தின் விளிம்பையும் டீக் குச்சியால் (முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் சிறு முளை) சுற்றிலும் உள்நோக்கி நெம்பிச் சேர்த்து, உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்தார். பள்ளத்தை அடியிலிருந்து மேலே நெம்பினால் வேர் அறுந்து புல் கருகிவிடும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கொடைக்கானலிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. என் தந்தையார் அந்த மைதானத்தில் பல ஆண்டுகள் பை சுமந்தவர். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடவே போயிருக்கிறேன். காட்டுமாட்டைவிட அவர் அஞ்சியது பனிமூட்டத்துக்குத்தான். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவந்தால், சில நிமிடங்களில் முப்பது அடிக்கு அப்பால் ஆள் தெரியாது. முன்னே ஆடுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் அடிப்பது பெருந்தவறு. அத்தகைய வேளைகளில் அவர் முன்னே நடந்துபோய், குழியை நோக்கிப் போகும் புல்வழியான ஃபேர்வேயின் நடுவில் நின்று இரண்டு முறை சீழ்க்கை அடிப்பார். வழி காலியாக இருக்கிறது, அந்த ஒலியின் வலப்பக்கமாக அடியுங்கள் என்பது அதன் பொருள். அடித்தபின் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பந்து புல்லில் விழுந்தால் அமுங்கிய ஓசை, மரப்பட்டையில் பட்டால் கட்டைத் தட்டல், சருகில் விழுந்தால் சலசலப்பு. அதை வைத்தே நேராகப் பந்து கிடக்கும் இடத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் அந்தச் சலசலப்பு நிற்காமல் தொடர்ந்து கேட்டது. அவர் கையை உயர்த்தினார், பைகளை அங்கேயே வைத்துவிட்டு எல்லாரும் கிளப் கட்டடத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது பைகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றிலும் புல் மேயப்பட்டிருந்தது.