2018 பொங்கலுக்கு முந்தின வாரக் குளிர்: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

லாபிஸ் லயத்துக்காரி

அந்த வருஷம் பொங்கல் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மலேசியாவுல எங்க ஜொகூர்ல அப்ப ஞாயிறு வேலை நாள். அதுக்கு முந்தின நாலஞ்சு நாள் குளிரை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. நான் சொல்ல வந்தது எங்க வீட்டு அறைக்குள்ள நடந்தது.

டிசம்பர் லீவுல எங்க பக்கம் மழைக்காலம் மாதிரியே இல்ல. கிறிஸ்துமஸ் ராத்திரி பிள்ளைங்க பாயை விட்டுட்டு வெறும் சிமெண்டுத் தரையில உருண்டுச்சுங்க. கம்பளியெல்லாம் துவைச்சு, மூட்டை கட்டி, அலமாரி மேல போட்டாச்சு. தங்கச்சி நிறைமாசம், காத்தாடியை மூணுல வெச்சும் வேர்த்துக் கொட்டுது. புது வருஷத்தன்னைக்குப் பொண்ணு பொறந்தா. பத்தாம் நாள் குளிர் இறங்கிருச்சு.

அம்மா எங்க மூணு பேரையும் லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல, பெத்தவங்க. பச்சை உடம்புக்காரி கட்டிலுக்கு அடியில கரி போட்டு வைக்கிறது அவங்க அறிஞ்ச வைத்தியம். மைலோ டின்னுல அடுப்புக்கரி, மேல சாம்பல் தூவி, துளி புகை இருக்காது. ஆனா லயத்து வீடு பலகைச் சுவர். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையும். இப்ப இருக்கிறது கல்லு வீடு, சீலிங் போட்டது. லூவர் கண்ணாடியில ரெண்டு சரியா மூடாது, அது வழியா சாரல் வருதுன்னு உரச் சாக்கைக் கிழிச்சு டேப் போட்டு அடைச்சது நான். அம்மா இல்ல, நான்.

விடிகாலை மூணு மணி இருக்கும். எதுக்கு எந்திரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கதவைத் திறந்தா அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்த மேனிக்கு சுவத்துல சாஞ்சிருக்காங்க. "தலை கனக்குதுடி"ன்னு இழுத்து இழுத்துச் சொன்னாங்க. தங்கச்சியை உலுக்கினா கண்ணைத் திறந்து திரும்ப மூடிக்கிறா. பிள்ளையைத் தூக்கினேன். தூக்கினா எப்பவும் சிணுங்கும், அன்னைக்குச் சிணுங்கல. கையும் காலும் ஈரத் துணி மாதிரித் தொங்குச்சு. வாசலுக்கு ஓடினேன். தூறல், காத்து முகத்துல குத்துது. அந்தக் காத்து பட்டதும் பிள்ளை ஒரு தும்மல் போட்டுச்சு. பூனைக்குட்டி தும்முற மாதிரி சின்னத் தும்மல். அப்புறம் அழ ஆரம்பிச்சது பாருங்க, பக்கத்து வீட்டு லைட்டெல்லாம் எரிஞ்சிருச்சு.

ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "பிலிக்ல ஆராங் வெச்சீங்களா?" அறைக்குள்ள கரி வெச்சீங்களான்னு மலாய் கலந்து கேட்டாங்க. மூணு பேரும் பிழைச்சுட்டாங்க. அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. அம்மா மட்டும், "என் பேத்தியை நானே கொல்லப் பார்த்தேனே"ன்னு வருஷா வருஷம் பொங்கப் பானை வைக்கிறப்ப அழுவாங்க. ஜன்னலை அடைச்சது நான்னு சொன்னதே இல்ல.

பெக்கோக் பால்வெட்டு

படிச்சுட்டு கை நடுங்குது அக்கா. எங்க கதை இந்த அளவுக்கு இல்ல.

எங்களுக்கு ஆறு ஏக்கர் பால்மரம், ரப்பர். அந்த டிசம்பர் வெயில்ல ஒம்போது மணிக்கே சொட்டு நின்னுரும், மங்குல, அதான் பால் பிடிக்கிற கிண்ணத்துல, பாதி தேறாது. குளிர் வாரத்துல ஒரே ஒரு நாள் மழை விட்டுச்சு. இருட்டோட போய் வெட்டினோம். குளிர்ச்சியா இருந்தா மரம் விட்டுக்கிட்டே இருக்கும், வெட்டுனவங்களுக்குத் தெரியும். பதினோரு மணிக்கும் சொட்டுது. மங்கு நிரம்பி வழியுது. "இன்னும் ஒரு மணி நேரம் விடு, வாளி எடுத்துட்டு வரேன்"னார் அப்பா. அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

அந்த ஒரு மணி நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. பட்டையோட ஓடி வந்த தண்ணி மங்குல விழுந்து, பால் அத்தனையும் கொட்டி, வாய்க்கா முழுக்க வெள்ளை. அப்பா ரெண்டு கையிலயும் வெறும் வாளியோட நனைஞ்சுக்கிட்டே நின்னார். அடுத்த வருஷம் மரத்தை அழிச்சு செம்பனை போட்டுட்டோம்.

கிள்ளான் தம்பி

தப்பா எடுத்துக்காதீங்க, முதல் கதை கரியால வந்தது, குளிரால வந்தது இல்ல. அந்த வாரம் எங்க வீட்டுத் தெர்மாமீட்டர் 22 காட்டுச்சு. 22 டிகிரி குளிரே கிடையாது.

2015 கிறிஸ்துமஸுக்கு நான் நியூயார்க்ல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை பார்த்தேன். டிசம்பர் 24, சென்ட்ரல் பார்க்ல இதே 22 டிகிரி. அந்தத் தேதிக்கு அதுதான் அங்க உச்சம். ஜனங்க அரைக்கைச் சட்டையில ஓடிக்கிட்டு இருந்தாங்க, கடை வாசல்ல ஐஸ் கிரீம் வித்துச்சு. பனிக்காலம்னு ஊர்ல பயமுறுத்தினதெல்லாம் பொய்யின்னு நினைச்சு என் தடிக் கையுறையை என்கூட வேலை பார்த்தவருக்குக் கொடுத்துட்டேன். அப்புறம் பிப்ரவரி 14. மைனஸ் 18. 1994க்குப் பிறகு அங்க அவ்வளவு கீழ போனதே இல்லையாம். விடிகாலையில கடையைத் திறக்கப் போனேன். சாவியைப் பூட்டுல விட்டுட்டேன், திருப்ப விரல் வரல. என் விரலை நானே பார்க்கிறேன், மடங்குன்னு சொல்றேன், மடங்கல. வாயில வெச்சு ஊதி, கக்கத்துல வெச்சு, பூட்டு திறக்கிறதுக்குள்ள அழுதுட்டேன். அதுதான் குளிர்.

தாப்பா மலையடிவாரம்

தம்பி, எண் ஒண்ணா இருந்தா உடம்பும் ஒண்ணா? நியூயார்க்காரனுக்கு அந்த 22 குளிர்காலத்து நடுவுல வந்த வெயில். நமக்கு அது நனைஞ்ச சட்டையோட, நாள் பூரா சூரியனைப் பார்க்காம, காத்தோட வந்த 22. செம்பனைக் காட்டுல குலை அறுக்கிறவர் முதுகுல அந்தச் சட்டை ஒட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டுப் பேசுங்க.

இந்த நாட்டுல குளிரே இல்லைன்னும் சொல்லிடாதீங்க. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில 7.8 டிகிரிக்குப் போச்சு. எங்க பாட்டி அங்க கொழுந்து பறிச்சவங்க. கொழுந்து மேல இருந்த தண்ணியைத் தொட்டா நெருப்பு மாதிரி சுட்டுச்சுன்னு சொல்வாங்க. "சுட்டுச்சு"ன்னுதான் சொல்வாங்க, குளுந்துச்சுன்னு இல்ல. சாகுற வரைக்கும் அவங்க வலது கை நடு விரலுக்கு உணர்ச்சி கிடையாது.

கிள்ளான் தம்பி

சரிண்ணே. பாட்டி விரலைப் பத்திச் சொன்னதும் எனக்குப் பேச்சு வரல. கரியாலதான்னு நான் சொன்னது அக்காவுக்கு வலிச்சிருந்தா மன்னிச்சிருங்க.

பழைய டிரசர், செகாமட்

நான் 31 வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசரா, அதான் மருத்துவ உதவியாளரா, இருந்தேன். 2006 டிசம்பர்ல செகாமட்டுல வெள்ளம் வந்தப்ப ஒரு வீட்டுல மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை உள்ளயே மாடிப்படிக்குக் கீழ ஓட்டினாங்க. மூணு பேரை வெளிய தூக்கினோம், ரெண்டு பேர்தான் கண் முழிச்சாங்க. என் கதை அவ்வளவுதான். மீதியைக் கேட்டுக்குங்க, கேட்கலைன்னாலும் சொல்வேன்.

முதல்ல வானிலை. பலரும் அந்தக் குளிர் சைபீரியாவுலேருந்து அப்படியே வந்துச்சுன்னு நினைக்கிறாங்க. வடக்கே குளிர்காத்து கிளம்புறது உண்மை. ஆனா தென்சீனக் கடலைத் தாண்டுறப்ப அது சூடாகி, ஈரத்தைக் குடிச்சுட்டு வருது. இங்க வந்து நாள் கணக்கா மழையாக் கொட்டுது, மேகம் வெயிலை மறைக்குது, பகல்லயும் சூடு ஏறல. வடகிழக்குப் பருவக்காத்து நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் உண்டு, ஆனா ஒரே சீரா வீசாது. நடுவுல காத்து ஓய்ஞ்சு வெயில் காயும். அந்த வெயிலைப் பார்த்துட்டு மழைக்காலம் முடிஞ்சதுன்னு கம்பளியை மேல ஏத்தக்கூடாது.

அடுத்தது கரி. புகையுற கரியை விட நல்லாக் கனிஞ்ச கரியை நம்ம ஆளுங்க நம்புவாங்க. கனிஞ்ச கரியிலயும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வந்துக்கிட்டேதான் இருக்கும், அந்த ஜெனரேட்டர்ல வந்ததும் அதேதான். வாசனை இல்ல, நிறம் இல்ல, கண்ணு எரியாது. ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிச்சுக்கும். தலைபாரம், குமட்டல், அசதி வரும். பச்சை உடம்புக்கு அதெல்லாம் சகஜம்னு நாமளே சமாதானம் சொல்லிக்குவோம். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கருவியை நம்பாதீங்க, இந்த வாயு ஏறின ரத்தத்தையும் அது நல்ல ரத்தம்னே காட்டும். உடனே வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வந்து ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க. அந்தப் பொண்ணு செஞ்சது அதைத்தான், சரியாத்தான் செஞ்சிருக்கு.

தாய்க்குச் சூடு வேணும்னா வாசல்ல அடுப்பு வெச்சு, மலாய்க்காரங்க துங்குன்னு சொல்ற கல்லைச் சூடு பண்ணி, தடிச்ச துணியில சுத்தி, அதை மட்டும் அறைக்குள்ள கொண்டு வாங்க. நெருப்பு வெளிய, சூடு உள்ள. முதல்ல உங்க கையில வெச்சுப் பார்த்துட்டுத்தான் தாய்க்கு வைக்கணும். பிள்ளை கிட்டயே கொண்டு போகாதீங்க. பிள்ளைக்குத் தாய் நெஞ்சைவிடச் சூடு எதுவும் இல்ல. உடுப்பில்லாம நெஞ்சோட நெஞ்சா வெச்சு, மேல ஒரு போர்வை, தலைக்குத் தொப்பி. 1978லயே கொலம்பியாவுல போகோட்டா நகரத்து டாக்டருங்க குறைமாசப் பிள்ளைங்களை இப்படி வெச்சுக் காப்பாத்த ஆரம்பிச்சாங்க. இன்குபேட்டர் பத்தாக்குறையில பிறந்த வழி, இப்ப உலகம் பூரா செய்றாங்க.

மங்குப் பாலுக்கு அழுத தம்பி, உங்க அப்பாவை அன்னைக்கு நெஞ்சு பரிசோதிச்சீங்களா? நனைஞ்சு நின்னா வயசானவங்களுக்கு...

பெக்கோக் பால்வெட்டு

அப்பா நல்லா இருக்கார் ஐயா. செம்பனைக்கு உரம் போடப் போயிருக்கார்.

லாபிஸ் லயத்துக்காரி

எல்லாத்தையும் நேத்து ராத்திரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். உரச் சாக்கு இடம் வந்தப்ப குரல் கம்மிருச்சு, ஆனா விடாம படிச்சுட்டேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. "டேப்பு என் தையல் பெட்டியிலேருந்துதானே எடுத்தே?"ன்னாங்க. ஆமான்னேன். "நான்தானே எடுத்துக் கொடுத்தேன்"னாங்க. எனக்கு அது சுத்தமா ஞாபகம் இல்ல.

டிரசர் ஐயா, அம்மா ஒண்ணு கேட்கச் சொன்னாங்க. சூடு பண்றதுக்கு ஆத்துக் கல்லு எடுக்கலாமா? தண்ணியில கிடந்த கல்லு நெருப்புல வெடிக்கும், அது வேணாம்னு அவங்க சொல்றாங்க, அம்மிக் குழவி மாதிரி வீட்டுல காஞ்சு கிடந்த கல்லுதான் வேணும்னு நிக்கிறாங்க. தங்கச்சி மறுபடியும் முழுகாம இருக்கா. ஜனவரியிலதான் தேதி கொடுத்திருக்காங்க.