ஆற்றில் குளித்தால் திருமுழுக்கு போய்விடுமா? பால்டிக் சிலுவைப்போர்கள் பற்றி ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி வரலாறு வாசித்து வருகிறோம். இம்மாதம் சிலுவைப்போர்கள் என்று முடிவானபோது எல்லோரும் எருசலேமையே நினைத்துக்கொண்டு வந்தார்கள். வடக்கே பால்டிக் கடற்கரையில், இன்று லாத்வியா, எஸ்தோனியா என்று வழங்கும் நிலங்களிலும் அதே காலத்தில் சிலுவைப்போர் நடந்தது என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தி.

அதில் ஒரு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த நிலத்தில் வாழ்ந்த லீவ் என்னும் இன மக்கள், திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற பிறகு டௌகாவா ஆற்றில் இறங்கிக் குளித்து, அந்தத் திருமுழுக்கைக் கழுவி ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிட்டதாகக் கருதினார்களாம். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் காவிரியில் மூழ்கி எழுபவர்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். ஓடுகிற நீர் எதையோ வாங்கிக்கொண்டு போகிறது என்னும் நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அம்மக்கள் திருமுழுக்கைப் புரிந்துகொள்ளாமல் இப்படிச் செய்தார்களா, அல்லது அவர்களுக்கென்று ஒரு நியாயம் இருந்ததா? இதிலிருந்து போர் எப்படிப் பிறந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாகலூர், ஏற்காடு எழுதியது:

ஐயா, அவர்களுக்கென்று ஒரு நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். அதைக் காண, கழுவியதற்கு முன்னால் நடந்த பேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செகெபெர்க் மடத்தைச் சேர்ந்த மைன்ஹார்ட் என்னும் முதிய துறவி, 1180களில் ஜெர்மன் வணிகர்களோடு டௌகாவா ஆற்றங்கரைக்கு வந்து, உக்ஸ்கூல் என்னும் ஊரில் ஒரு தேவாலயம் எழுப்பினார். படையோடு வந்தவர் அல்லர் அவர். குளிர்காலத்தில் லித்துவேனியர் அந்த ஊரைக் கொள்ளையிட்டபோது, மக்களோடு அவரும் காட்டுக்குள் ஓடி ஒளிய நேர்ந்தது. அதன்பின் அவர், நீங்கள் கிறித்தவராவதாக வாக்களித்தால் உங்களுக்குக் கல்கோட்டை கட்டித் தருகிறேன் என்றார். மக்கள் இசைந்தார்கள். மறு கோடையில் கோட்லாந்து தீவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். சிலர் கட்டுமானத்துக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றார்கள், மற்றவர்கள் முடிந்த பின் பெறுவதாகச் சொன்னார்கள். கோட்டை எழுந்து நின்றதும், பெற்றவர்கள் ஆற்றில் கழுவிக்கொண்டார்கள், பெறாதவர்கள் பெற மறுத்தார்கள்.

கோட்டைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை மைன்ஹார்ட் ஏற்றார், கோட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு உரியதாயிற்று. ஆகவே லீவ் மக்களின் கணக்கில் திருமுழுக்கு என்பது அண்டை நாட்டுக் கொள்ளையரிடமிருந்து காத்துக்கொள்ளச் செய்த உடன்படிக்கையின் அடையாளம். உடன்படிக்கை நீரால் வந்தது, அதனால் நீராலேயே திரும்பிப் போகலாம். மைன்ஹார்டின் கணக்கில் அது ஆன்மாவின் மேல் விழுந்த முத்திரை. இருவரும் ஒரே சடங்கில் நின்றார்கள், ஆனால் நடந்தது இரண்டு வேறு காரியங்கள்.

அந்தக் கோட்டையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கல்லைச் சுண்ணாம்புச் சாந்து இறுகப் பிடித்திருக்கும் என்பதை அறியாத செமிகாலியர் என்னும் அண்டை இனத்தவர், பெரிய கப்பல் வடங்களைக் கொண்டுவந்து கோட்டையைத் தேர் இழுப்பதுபோல ஆற்றுக்குள் இழுத்துவிடப் பார்த்தார்கள். மரக்கோட்டை தவிர வேறு கோட்டை பார்த்திராதவர்கள் அவர்கள். சாந்து வைத்துக் கட்டிய சுவர் அந்தக் கரைக்கு எத்தனை புதிது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரு கோட்டைக்காக மதத்தையே பேரம் பேச மக்கள் ஏன் இசைந்தார்கள் என்பதும் இதனால் எனக்கு விளங்குகிறது.

ஆத்தூர் மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

நாகலூர் ஐயா சொன்ன "முத்திரை" என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். திருமுழுக்கை ஒருவர் ஒருமுறைதான் பெற முடியும், அது அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பது எங்கள் திருச்சபையின் போதனை. இதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான், மனமார நம்புகிறவளும்கூட. ஆனால் அந்தப் போதனையோடு வாள் சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

மைன்ஹார்டின் தூதை ஏற்ற திருத்தந்தை, மூன்றாம் செலஸ்டின், தாமாக முன்வந்து வாக்களித்த விசுவாசத்தைக் காக்கும்படி லீவ் மக்களை வற்புறுத்தலாம் என்று முடிவு செய்து, அதற்காகச் சிலுவை ஏற்றுச் செல்வோருக்குப் பாவமன்னிப்பும் வழங்கினார். போர் பிறந்த இடம் இதுதான். மதம் மாறாதவரை மாற்றுவதற்குப் போர் என்று சொல்லாமல், மாறிய பின் பின்வாங்கியவரைத் திருப்புவதற்குப் போர் என்றார்கள். ஆற்றில் குளித்தவர்கள் தங்கள் உடன்படிக்கையை முடித்துக்கொண்டதாக எண்ணினார்கள், எதிர்த்தரப்பு அதையே துரோகமாகப் பதிவு செய்துகொண்டது.

மைன்ஹார்டுக்குப் பின் வந்த இரண்டாம் ஆயர் பெர்தோல்ட் 1198-இல் படையோடு வந்தபோது லீவ் மக்கள் சொல்லியனுப்பிய பதிலை அனைவரும் படிக்க வேண்டும். படையைத் திருப்பி அனுப்பிவிட்டு அமைதியாக இருங்கள், விசுவாசத்தை ஏற்றவர்களை வேண்டுமானால் அதில் நிற்க வற்புறுத்துங்கள், மற்றவர்களை அடியால் அல்ல, சொல்லால் அழையுங்கள் என்பது அதன் சாரம். திருத்தந்தையின் சட்டத்தைக்கூட அவர்கள் ஒரு பாதி ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். இதைப் பதிவு செய்த லிவோனியாவின் ஹென்றி எதிர்த்தரப்புப் பாதிரியார், தம் கையால் பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர். அவர் நூலிலேயே இந்த வாக்கு நிற்பதால் இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

பெர்தோல்ட் அந்தப் போரிலேயே ஈட்டியால் குத்துண்டு இறந்தார். அடுத்து வந்த ஆயர் ஆல்பர்ட் 1201-இல் ரீகா நகரை நிறுவினார். 1202-இல் வாள் சகோதரர்கள் என்னும் போர்த்துறவியர் சபை தோன்றியது. தத்துவ போதகர் என நாம் அறியும் ராபர்ட் தெ நோபிலி 1623-இல் சேலத்துக்கு வந்தபோது அவர் பின்னால் எந்தப் படையும் இல்லை என்பதை நம் ஊர்க்காரர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

சேர்வராயன் அடிவாரம் எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சில ஆண்டுகளில் திருமுழுக்கு நிலத்துக்குப் பட்டா போலவே ஆகிவிட்டது. எஸ்தோனியாவில் டென்மார்க்கினரும் ரீகாவினரும் எந்த ஊருக்கு யார் முதலில் திருமுழுக்குக் கொடுப்பது என்று போட்டியிட்டார்கள். தங்கள் பாதிரியார்கள் போய்ச் சேர முடியாத ஊர்களுக்கு, டென்மார்க்கினர் குடியானவர்கள் கையிலேயே புனித நீரைக் கொடுத்தனுப்பி, ஊர்தோறும் மரச்சிலுவை நடச் சொன்னார்கள். ரீகாவினரிடம் திருமுழுக்குப் பெற்ற குற்றத்துக்காகத் தபெலின் என்னும் ஊர்த்தலைவரை அவர்கள் தூக்கிலிட்டார்கள். கிறித்தவர் ஆனதற்காக ஒரு கிறித்தவரைக் கிறித்தவர்களே கொன்ற இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் மேற்கொண்டு படிக்கவில்லை.

தோப்புகளும் தப்பவில்லை. தரபிதா என்னும் தெய்வம் பிறந்ததாக மக்கள் நம்பிய மலைக்காட்டில், பாதிரியார் ஒருவர் சிலைகளை வெட்டிச் சாய்த்தார். அவற்றிலிருந்து இரத்தம் வரவில்லையே என்று மக்கள் வியந்தார்களாம். எங்கள் மலையில் கோயில்காட்டு மரத்தில் சுள்ளி ஒடிக்கவும் தயங்கும் பெரியவர்களோடு வளர்ந்த எனக்கு, அந்த வியப்பு எத்தகையது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1223-இல் எஸ்தோனியர் கிளர்ந்தெழுந்தபோது ஆற்றில் குளிப்பதோடு நிற்கவில்லை. விலக்கிவைத்த மனைவியரை மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். கல்லறையில் புதைத்த தம் இறந்தோரைத் தோண்டியெடுத்து, முன்னோர் வழக்கப்படி எரியூட்டினார்கள். வீடுகளையும் கோட்டைகளையும் துடைப்பம் கொண்டு நீரூற்றிக் கழுவினார்கள். தீட்டுக் கழிப்பதற்கு வீடு கழுவும் நமக்கு இது அந்நியமான செயலன்று. மறு ஆண்டே கிளர்ச்சியாளர் கையிலிருந்த தார்த்து கோட்டை வீழ்ந்தது, பெருநிலத்தில் கிளர்ச்சியும் அடங்கிவிட்டது.

அஸ்தம்பட்டி வாசகர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் ஹென்றியின் நூலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் ஒரே நிகழ்ச்சி என எழுதியது இருமுறை நடந்திருக்கிறது. பெர்தோல்ட் இறந்தபின் படை பயிர்களை அழித்ததால், மக்கள் பணிந்து, ஹோல்ம் என்னும் இடத்தில் ஏறத்தாழ 50 பேரும், மறுநாள் உக்ஸ்கூலில் ஏறத்தாழ 100 பேரும் திருமுழுக்குப் பெற்றார்கள். படை கப்பலேறியதும் தங்கள் குளியல் குடில்களிலிருந்து வெளியே வந்து, டௌகாவா நீரை மேலே ஊற்றிக்கொண்டு, திருமுழுக்கைப் போகிறவர்கள் பின்னாலேயே அனுப்பினார்கள்.

அப்போது ஒரு மரக்கிளையில் மனிதத் தலை செதுக்கியிருப்பதைக் கண்டு, அது சாக்சன்களின், அதாவது ஜெர்மானியரின், தெய்வம், வெள்ளமும் கொள்ளைநோயும் கொண்டுவரும் என்று அஞ்சினார்கள். தேன்மது காய்ச்சிக் குடித்துக் கலந்து பேசினார்கள். பிறகு அந்தத் தலையை அவர்கள் உடைக்கவில்லை, எரிக்கவும் இல்லை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் செய்து, அதன் மேல் தலையை வைத்து, கோட்லாந்து திரும்புகிறவர்களுக்குப் பின்னால் நீரில் விட்டார்கள். பழைய சாமி படத்தைக் கிழித்தெறிய மனமில்லாமல் ஆற்றில் விடும் நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு அந்தப் பக்கத்தையே முதலில் வாசிக்கப் போகிறேன்.