மரக்கன்றுக்கு முட்டுக்கம்பு: குப்பை சேராமல் கட்டுவது எப்படி?

வேளச்சேரி_நிழல் (கேள்வி)

வணக்கம். எங்க தெருவுல புரட்டாசி கடைசியில 40 கன்று வைக்கிறோம். புங்கன் 20, மகிழம் 12, நாவல் 8. எல்லாமே அஞ்சரை, ஆறடி உயரம். தண்டு கட்டைவிரல் பருமன், 2 செ.மீ. இருக்கும். களிமண் பூமி, பெருமழை பெஞ்சா ரெண்டு நாள் தண்ணி வடியாது.

முன்னாடி வச்ச கன்றுகள்ல கட்டின நைலான் கயிறு பட்டைக்குள்ளயே புதைஞ்சு போச்சு. அதனால நைலான், கேபிள் டை ரெண்டும் இந்தத் தடவை வேண்டாம். கம்புக்கு சவுக்கு வாங்கிடலாம். கட்டுக்கு என்ன? வீட்லயோ கடை வாசல்லயோ சும்மா கிடக்கிற பொருளா இருக்கணும், வேலை முடிஞ்சதும் குப்பையில போய் விழக்கூடாது. கட்டப்போறது தெருக்காரங்கதான், ஞாயிற்றுக்கிழமை காலையில மூணு மணி நேரம். அளவு, முடிச்சு, எப்ப அவிழ்க்கணும், எல்லாம் சொல்லுங்க.

சவுக்குக்கம்பு (பதில்)

முதலில் 40-க்கும் கட்டு தேவையா என்று பார்த்துவிடுங்கள். நர்சரியில் கன்றோடு ஒட்டி ஒரு குச்சி வைத்து நாலு இடத்தில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதை முழுவதும் அவிழ்த்து எடுங்கள். அதற்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கிற கன்றுக்குக் கம்பே வேண்டாம், மாடு ஆடு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். தண்டு காற்றில் அசைந்தால்தான் அடித்தண்டு பருக்கும், வேரும் அகலமாகப் பிடிக்கும். அசையவே விடாமல் கட்டி வளர்த்த கன்று மேலே குடை மாதிரியும் கீழே குச்சி மாதிரியும் வரும். கட்டை அவிழ்த்த அன்றே சாயும்.

குச்சியை எடுத்ததும் தலை தொங்குகிற கன்றுகளுக்கு மட்டும் கம்பு. கட்டு எந்த உயரத்தில் வேண்டும் என்பதை அந்தக் கன்றே சொல்லும். தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து விடுங்கள். நிமிரவில்லை என்றால் பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றி மறுபடி பாருங்கள். எந்த இடத்தில் பிடித்தால் தலை தானாக நிமிர்கிறதோ, அதற்கு 15 செ.மீ. மேலே கட்டு. ஆறடிக் கன்றுக்குப் பெரும்பாலும் மூன்றடி உயரத்தில் வந்து நிற்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் கட்டினால் போதும்.

கம்பு: 12 அடி சவுக்கு வாங்கி இரண்டாக அறுத்தால் ஒரு கன்றுக்கு இரண்டு ஆறடிக் கம்பு. 5 செ.மீ. பருமன் இருக்கட்டும். களிமண் நனைந்தால் களி மாதிரி இளகிவிடும் என்பதால் இரண்டரை அடி மண்ணுக்குள் போகணும். தண்டிலிருந்து இரு பக்கமும் 20 செ.மீ. தள்ளி அடியுங்கள். கன்றை வைத்து மண் தள்ளிய பிறகு அடித்தால் வேர்க்கட்டி உடையும். குழியில் கம்பை நிறுத்திவிட்டு அப்புறம் கன்றை இறக்குங்கள். கட்டுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் விட்டு மிச்சக் கம்பை அறுத்துவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் கிளை அதில் உரசி உரசிப் பட்டை போய்விடும்.

கட்டுக்கு சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் ஒட்டுப்போட முடியாத 28 அங்குல ட்யூப் கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்லுவார்கள். வால்வு இருக்கிற இடத்தை 10 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டால் 60 செ.மீ. துண்டு மூன்று கிடைக்கும். நீளவாக்கில் பிளக்க வேண்டாம். குழாயாகவே தட்டையாகப் படியட்டும், இரண்டு மடிப்பு இருப்பதுதான் பட்டைக்கு மெத்தை. கம்புக்கு ஒரு துண்டு, 40 கன்றுக்கும் தேவைப்பட்டால் 80 கம்புக்கு 27 ட்யூப். உள்ளே இருக்கிற வெள்ளைப் பவுடரை சோப்புத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இனி துளை. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் 2 செ.மீ. இடைவெளியில் நான்கு, பெல்ட் மாதிரி. பிளேடால் கீறினால் கீறல் முனையிலிருந்து கிழிந்துகொண்டே போகும். செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் துளையிடும் உளியால் 5 மி.மீ. வட்டத் துளை போட்டால் கிழியாது. கம்பின் வெளிப்பக்கம் ஒன்றரை அங்குல ஆணியைத் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி அடித்து, ஒரு செ.மீ. வெளியே விடுங்கள். காய்ந்த சவுக்கில் ஆணி வளையும், இல்லையென்றால் கம்பு பிளக்கும். முதலில் 2 மி.மீ. டிரில்லால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் துளையை ஆணியில் மாட்டி, கம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, நடுவில் குறுக்கே மாற்றி, தண்டைச் சுற்றி, மறுபடி குறுக்கே வந்து அதே ஆணியில் அடுத்த முனை. எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். நடுவில் குறுக்கே போகிற இடம்தான் முக்கியம், தண்டையும் கம்பையும் உரசவிடாமல் பிரிப்பது அதுதான். தண்டுக்கும் ட்யூபுக்கும் நடுவே ஒரு விரல் நுழையணும். முடிச்சே கிடையாது என்பதால் தளர்த்துவது அரை நிமிட வேலை. தண்டு பருத்தால் அடுத்த துளைக்கு மாற்றினால் சரி.

பழையவேட்டி (பதில்)

கம்பு, உயரம் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ட்யூப் பற்றித்தான் சொல்லணும். ரப்பர் மக்காது. திரும்பி வந்து அவிழ்க்கிற ஆள் இருந்தால் மட்டும்தான் அது குப்பையில்லாத கட்டு. இல்லையென்றால் நைலான் செய்ததை அது கொஞ்சம் மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான். தெரு ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்று தோன்றினால் பருத்தி கட்டுங்கள்.

நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். குறுக்கே பாதியாக்கி, நீளவாக்கில் 10 செ.மீ. அகலத்துக்குக் கிழித்தால் ஒரு மீட்டர் நாடா 24 வரும். 80 நாடாவுக்கு நாலு வேட்டி, கொஞ்சம் மிஞ்சும். நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 5 செ.மீ. பட்டை. கத்தரி வேண்டாம்: ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கையால் இழுத்தால் அசல் பருத்தி நூல் பிடித்து நேராகக் கிழியும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டை விழுந்தால் பாலியஸ்டர் கலந்தது, அது மண்ணில் மக்காது.

கட்டும் முறை அதே எட்டு. முடிச்சு எப்போதும் கம்பின் பக்கம்தான், தண்டைத் தொடக்கூடாது. கம்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஷூ லேஸ் மாதிரி ஒரு காதை விட்டு முடிந்தால் இழுத்தவுடன் அவிழும். தண்டில் சுருக்குப் போடவே போடாதீர்கள். காற்றில் ஆட ஆடச் சுருக்கு இறுகிக்கொண்டே போகும்.

பருத்தியின் குறை: ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மழைக்கு முன் இற்றுவிடும். ஈரத்தில் ஊறிக்கிடப்பதால் அடியில் எறும்பு கூடு வைக்கும். மழை விட்டதும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

தேங்காய் நார்க்கயிறு இதைவிட நாள் தாங்கும், ஆனால் அரம் மாதிரி பட்டையை அராவிவிடும். போட்டே ஆகணும் என்றால் தண்டில் படுகிற இடத்தில் சாக்குத் துணி சுற்றிவிட்டு அதன்மேல் போடுங்கள். நனைந்தால் கயிறு இறுகும், அதற்கும் இடம் விடணும். பூக்கட்டுகிற வாழைநாரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அவரைக் கொடிக்குச் சரி, ஆறடி நாவலுக்கு ஒரு நாள் காற்றுக்குக்கூட வராது. ஃப்ளெக்ஸ் பேனர் கிழிசல் வேண்டவே வேண்டாம், வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து தெருவெல்லாம் பிளாஸ்டிக் தூள் ஆகும். பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையின் ஓரம் கத்தி மாதிரி, இளம் பட்டையை அறுத்துவிடும்.

வேளச்சேரி_நிழல்

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு கம்பையும் எந்தத் திசையில அடிக்கணும்? மெட்ராஸ்ல காத்து எந்தப் பக்கம்னு கணக்கு வைக்கிறது? சவுக்கை கரையான் அரிச்சிடாதா? அப்புறம், ஏற்கெனவே நைலான் புதைஞ்ச மரங்களை என்ன பண்றது?

மண்வெட்டி (பதில்)

காத்துக் கணக்கு இங்க பார்த்து ஆகாதுங்க. ஆடியில மேற்கே இருந்து, சாயங்காலம் கடல் காத்து கிழக்கே இருந்து, ஐப்பசியில வடகிழக்கு. புயல்னா ஒரே நாள்ல திசை மாறும். 2016 டிசம்பர் 12 வர்தா அன்னிக்கு முதல்ல வடக்குப் பக்கத்துல இருந்து அடிச்சது, கண் கடந்து கொஞ்சம் ஓய்ஞ்சு, அப்புறம் தெற்கே இருந்து அடிச்சது. ஒத்தைக் கம்பு ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். ரெண்டு கம்பு வச்சா ரெண்டையும் ரோட்டுக்கு இணையா வைங்க. குறுக்கே வச்சா ஒண்ணு நடைபாதையில நீட்டும், இன்னொண்ணு கார் கதவுல இடிக்கும். இடிபட்ட கம்பு ஆடினா கன்றோட வேரும் சேர்ந்து ஆடும்.

கரையான் வரும். ஆனா உங்களுக்குத் தேவை ஒரு வருஷம்தானே? தார் எல்லாம் பூச வேண்டாம். மண்ணுக்குள்ள போற பகுதியில பட்டையை உரிச்சிடுங்க, கரையான் பட்டைக்கு அடியிலதான் ஒளிஞ்சு ஏறும். கூர் சீவின முனையை மேலாக்க கருகுற மாதிரி தீயில வாட்டிக்கலாம். கம்பு உடையிறது எப்பவும் மண் மட்டத்துலதான், மேலே பார்த்தா நல்லாத்தான் தெரியும். அதனால ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் இடுப்பு உயரத்துல கையை வச்சு ஒரு தள்ளு தள்ளுங்க. உளுத்த கம்பு கன்றைத் தாங்காது, கன்றுதான் கம்பைச் சுமந்துகிட்டு நிக்கும்.

நைலான் புதைஞ்ச மரம்: இலை தயாரிக்கிற சாப்பாடு உள்பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது. கயிறு அங்க நெரிச்சதும் மேல்பக்கம் தேங்கி வீங்கும், கீழே ஒல்லியா இருக்கும், வேர் பட்டினி கிடக்கும். பலமான காத்துல அந்த இடத்துலயே முறியும். கயிறு வெளியே தெரியற எல்லா இடத்துலயும் வெட்டி விடுங்க. லேசா இழுத்தா வர்றதை எடுங்க. வராததை நோண்டாதீங்க, பட்டை பிஞ்சு வந்தா காயம் சுற்றளவு முழுக்கப் போயிடும். சுற்று அறுந்துட்டா நெரிப்பு நின்னுடும், மிச்சத் துண்டு உள்ளயே இருந்துட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லல. கவரைக் கிழிச்சதும் வேர் அடியில பந்தா சுருண்டிருக்கான்னு பாருங்க. சுருண்ட வேரைப் பிரிச்சு விடுங்க, பிரியாததை வெட்டிடுங்க. அப்படியே புதைச்சா அஞ்சு வருஷம் கழிச்சு மரம் திருகு மாதிரி ஆடும். அந்தச் சாய்வுக்கு எந்தக் கட்டும் உதவாது.

சவுக்குக்கம்பு

நண்பர் பழையவேட்டி சொன்ன கவலை நியாயம்தான். அதற்கு ஒரு வழி: கட்டுகிறபோதே எண்ணிவிடுங்கள். கம்பின் தலையில் பெயின்டால் 1 முதல் 80 வரை எண், நோட்டில் வீட்டு எண்ணோடு ஒரு வரிசை. போனது 80 என்றால் திரும்பி வரணும் 80.

பார்க்க வேண்டிய நாட்கள் மூன்று. கட்டின ஆறாவது வாரம், கார்த்திகை மழைக்கு நடுவில்: களிமண்ணில் கம்பு சாய்ந்திருந்தால் நிமிர்த்தி அடியுங்கள். தை பிறந்ததும்: புங்கன் மழையில் மளமளவென்று பருத்திருக்கும், ஒரு துளை தளர்த்தணும். மகிழம் மெதுவாகத்தான் வளரும், அதைத் தொட வேண்டியிருக்காது. ஆனி கடைசியில் கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு வாரம் கம்பை மட்டும் விட்டுவையுங்கள். நேராக நின்றால் கம்பையும் பிடுங்கலாம், தலை சாய்ந்தால் அடுத்த தை வரைக்கும் கட்டு இருக்கட்டும். அதற்கு மேல் எந்தக் கன்றுக்கும் வேண்டாம். இரண்டாவது தையிலும் நிற்காத கன்றில் கோளாறு வேரில் இருக்கும்.

கழற்றின ட்யூபைக் கழுவிக் கம்பி வளையத்தில் கோத்து நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய் படக்கூடாது. மடக்கிப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்பு தெரிகிற துண்டை அடுத்த தடவைக்குச் சேர்க்காதீர்கள். வால்வோடு வெட்டின 10 செ.மீ. துண்டையும் எறிய வேண்டாம்: வால்வை நீக்கி, ஒரு செ.மீ. வளையங்களாக நறுக்கினால் கம்பில் எண் அட்டை மாட்டுகிற ரப்பர் பேண்டு.

வேளச்சேரி_நிழல்

40-ல 30-க்கு ட்யூப், கடைசி முனையில ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கிற 10-க்கு வேட்டின்னு வச்சுக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: சில வீட்டு வாசல்ல இரும்பு ட்ரீ கார்டு இருக்கு. கம்புக்குப் பதிலா அதுலயே கட்டிடலாமா? பூவரசும் ரெண்டு கேக்கிறாங்க.

மண்வெட்டி

கார்டுல கட்டாதீங்க. மண்ணுல அரையடிதான் இறங்கியிருக்கும், மாடு முதுகு சொறிஞ்சா கார்டோட கன்றும் சேர்ந்து சாயும். மேல் வளையத்துல தண்டு உரசுறதும் உண்டு. கம்பு ரெண்டையும் கார்டுக்கு உள்ளயே அடிச்சு, கட்டை மேல் வளையத்துக்கு ஒரு சாண் கீழே போடுங்க.

பூவரசை கன்றா வைக்கிறதா போத்தா (வெட்டின கிளையா) வைக்கிறதான்னு கேட்டுக்குங்க. போத்துன்னா மேலே சொன்னது தலைகீழ்: வேரே இல்லாத கட்டை, ஆடினா புதுசா விடுற வேர் முடி மாதிரி அறுந்துடும். முதல் மூணு மாசம் அசையாம ரெண்டு இடத்துல கட்டணும், துளிர் ஒரு முழம் வந்ததும் மேல் கட்டை எடுத்துடுங்க. அதுக்கு ட்யூப் இழுபடும், வேட்டி நாடாவே போடுங்க.