தியத்தலாவை போயர் முகாம் படங்கள்: ஏலத்தில் கேட்கலாமா?

பண்டாரவளைக்காரன்:
லண்டனில் ஓர் ஏலக்கடை அடுத்த வியாழன் பழைய அல்பம் ஒன்றை ஏலம் விடுகிறது. மொத்தம் 42 படங்கள், போயர் யுத்தக் காலத்தவை; தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் பிரிட்டிஷ்காரரோடு சண்டை போட்ட காலம். அதில் ஆறு நம்ம தியத்தலாவை. தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட போயர்களை 1900இல் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே அடைத்தார்களே, ஐயாயிரம் பேரளவில், அந்த முகாம்தான். ஒரு படத்தில் தகரக் கொட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, முன்னால் முள்கம்பி, பின்னால் மொட்டைப் புல்மலை. தினமும் பஸ்ஸில் போகும்போது நான் பார்க்கிற மலை. மதிப்பீடு 300 முதல் 400 பவுண்.

தயக்கம் ஏனென்றால், ஒருதரம் சூடுபட்டவன். மூன்று வருஷத்துக்கு முந்தி இணையத்தில் ஒருவரிடம் “கிரிமிய யுத்த அசல் படம், 1855” என்று வாங்கினேன். ரோஜர் ஃபென்டன் எடுத்தது, பள்ளத்தாக்கில் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கும். ஃப்ரேம் போட்டு மாட்டியும் விட்டேன். ஒரு நாள் பஜாரில் மணிக்கூடு திருத்துகிற மாமாவிடம் காட்டினேன். கண்ணில் மாட்டிய வில்லையைக் கழற்றாமலேயே குனிந்தார். “தம்பி, இது முழுக்கப் புள்ளி” என்றார். ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டிய தாள். 18,000 ரூபா. வீட்டில் இன்றுவரை 4,000 என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டி ஃப்ரேம் கடை:
அண்ணே, சீரான புள்ளி தெரிந்தால் அது அச்சுதான். ஃபென்டன் காலத்தில் புள்ளி அச்சே புழக்கத்தில் இல்லை, 1880களுக்குப் பிறகுதான் பரவியது.

இந்த அல்பத்துக்கு வேறு சோதனையும் வேண்டும். 1900இல் படம் போட இரண்டு வகைத் தாள் புழக்கத்தில் இருந்தது. முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமன் தாள் ரொம்ப மெல்லிசு, அட்டையில் ஒட்டாவிட்டால் சுருண்டுவிடும், வெளிச்சமான இடங்கள் மஞ்சளாகப் போயிருக்கும். ஜெலட்டின் தாள் என்றால், சாய்த்துப் பார்க்கும்போது ஓரத்துக் கறுப்பில் நீலம் கலந்த வெள்ளி மினுக்கம் அடிக்கும். நேரே எடுத்த படத்தில் அது விழாது. அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டோர்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கடை என்றால் அனுப்பும்.

அப்புறம் கணக்கு. 350க்குச் சுத்தியல் விழுந்தால் நீங்கள் கட்டுவது 350 அல்ல. வாங்குகிறவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் அங்கேயே 437 ஆகிவிடும். அதன்மேல் வரி, தபால், இன்ஷூரன்ஸ், கடைசியில் நம்ம சுங்கம்.

ஹட்டன் டீச்சர்:
தாள் அசலாக இருந்தாலும் காட்சி அசல் என்று சொல்லிவிட முடியாது. ஃபென்டனின் அதே பள்ளத்தாக்கு இரண்டு படமாக இருக்கிறது. ஒன்றில் குண்டுகள் பாதையில் கிடக்கின்றன, மற்றதில் பாதை வெறுமை. 1863இல், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் படப்பிடிப்பாளர் கார்ட்னரின் ஆட்கள் ஒரே பிணத்தை வேறிடத்துக்குத் தூக்கிப்போய் மறுபடி படம் எடுத்தார்கள். அதனால் அடியில் மையால் எழுதியதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

கையில் காசு குறைவென்றால் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ என்ற பழைய படப் பத்திரிகையின் யுத்தப் பக்கங்கள் மலிவு. கிரிமிய யுத்தக் காலத்து அசல் பக்கம் என்றால் மரக்கட்டை அச்சு. சின்னக் கட்டைகளைப் பொருத்திச் செதுக்கியதால், உற்றுப் பார்த்தால் பொருத்திய இடத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு ஓடும். கலர் பெரும்பாலும் பிறகு யாரோ பூசியது.

நுவரெலியா பனி:
வாங்கினால் சுவரில் மாட்டாதீங்க. எங்க வீட்டுக் கல்யாணப் படமே பத்து வருஷத்தில் பூஞ்சணம் பிடித்துப் போச்சு.

பண்டாரவளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. டோர்ச் அடித்த படம் நேற்று வந்தது. கொட்டில் நிழல்களில் நீல மினுக்கம் நன்றாகவே தெரிகிறது, புள்ளி எங்கும் இல்லை. 280 வரை கேட்பேன், தாண்டினால் விட்டுவிடுவேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐந்தாவது படத்தில், இடது ஓரத்தில், தலைப்பாகை கட்டிய ஒருவர் வாளியோடு நிற்கிறார். அடியில் “போயர் கைதிகள், தியத்தலாவை” என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஏலம் எனக்கு விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த மூலையை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.