பம்பருக்குத் தமிழ்: உருளை வேண்டாம், திண்டு போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குன்னூர் அண்ணன் போன வாரம் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி நாய்களைப் பழக்கும்போது தூக்கிப் போட்டு எடுத்துவரச் சொல்லும் பொருளை ஆங்கிலத்தில் பம்பர் என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்ன? அண்ணன் நாய் பழக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதத் தொடங்கி, இந்தச் சொல்லில் சிக்கி நிற்கிறார். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: முட்டுத்தாங்கி, போலிப்பறவை, எறியுருளை. மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பொருளைக் கண்ணால் பார்க்காதவர்கள் குழுமத்தில் நிறைய இருக்கிறீர்கள். என் மேசையில் ஒன்று இப்போது கிடக்கிறது. வெள்ளை நிற வினைல். 12 அங்குல நீளம், 2 அங்குலத் தடிமன். நாய்ப்பல் வழுக்காமல் இருக்க, பாகற்காய் போல மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒரு முனையில் துளை போட்ட காது, அதில் ஒன்றரை அடி மஞ்சள் நைலான் கயிறு. மறுமுனையில் கால்பந்துக்கு இருப்பது போலக் காற்றுத் துளை. தண்ணீரில் போட்டால் மிதக்கும். இதே அளவில் கித்தான் துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்ததும் உண்டு. பிரிட்டனில் இதற்கு டம்மி என்று பெயர். அங்கே வழக்கமான கித்தான் டம்மி ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை.

பம்பர் என்ற பெயர் படகிலிருந்து வந்தது. படகு துறையில் இடிபடாமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தையைத்தான் பழைய பழக்குநர்கள் எடுத்து நாய்க்கு வீசினார்கள். ஆக, ஆங்கிலத்திலேயே அது இரவல் பெயர். அதை மொழிபெயர்த்து முட்டுத்தாங்கி என்று வைத்தால், "முட்டுத்தாங்கியை இருபது கஜம் வீசுங்கள்" என்று படிக்கிறவர் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போவார். பம்பர் என்றே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடலூரைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் பம்பர் என்பது ஓணம் லாட்டரி. நம் பிள்ளைகள் காதில் அது பம்பரம் என்று விழுகிறது. அதையும் கயிறு பிடித்துத்தான் வீசுகிறோம் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

போலிப்பறவை என்பதில் வேட்டை வாடை அடிக்கிறது. அந்த நாடுகளில் சுட்ட பறவையை எடுத்துவரத்தான் இந்தப் பழக்கம் உருவானது, மறுக்கவில்லை. ஆனால் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் மலையில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்வது நாயின் உடம்புக்கும் புத்திக்கும் வேலை கொடுக்க. தவிர, பொருளைப் பார்த்தால் பறவையின் ஜாடை துளியும் இல்லை.

எறியுருளை சென்னைக்காரர் ஒருவரின் பரிந்துரை. உருண்டு நீண்டிருப்பது உருளை, கணக்குப் பாடப்படி சரி. ஆனால் ஐயா, நீலகிரியில் உருளை என்றால் கிழங்கு ஒன்றுதான். கேத்தி பள்ளத்தாக்கில் நின்று "எறியுருளை" என்று சொல்லிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்ற வேண்டியதை ஏன் எறிகிறாய் என்று கேட்பார்கள்.

இனி என் கதை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் நாயின் பெயர் மிளகு; கறுப்பு லாப்ரடார், வயது நான்கு. முதன்முதலில் ஆசைப்பட்டு வாங்கியது ஆரஞ்சு நிற பம்பர். பளிச்சென்று இருந்தால் தொலையாது என்பது என் கணக்கு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய புல்தரையில் வீசினேன். அது கைநழுவித் தேயிலைக்குள் விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து செடி மேல் ஆரஞ்சு நன்றாகத் தெரிகிறது. மிளகு அதற்கு நான்கடி பக்கத்தில் நின்று திருதிருவென விழிக்கிறாள். அன்றைக்கு அவளைத் திட்டியதற்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

தவறு என்னுடையது. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் மூன்று வகை, நாய்க்கு இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் அதற்குப் பிரிந்து தெரியும்; சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். 1989இல் கலிஃபோர்னியாவில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் மூவரும் நாய்களை வைத்தே சோதித்து இதைக் காட்டினார்கள். பச்சைத் தேயிலையில் கிடந்த ஆரஞ்சு பம்பர் எனக்கு விளக்கு, மிளகுக்கு இன்னொரு இலை. பழக்குநர்கள் ஆரஞ்சை வைத்திருப்பதே இதற்காகத்தான்: நாய் பார்க்காத நேரத்தில் அதை வைத்துவிட்டு, மூக்கையும் நம் கைச்சைகையையும் நம்பித் தேடவைப்பது. ஆளுக்குத் தெரிய வேண்டும், நாய்க்குத் தெரியக் கூடாது. விழுவதைப் பார்த்து ஓடி எடுக்கவேண்டிய தொடக்கப் பாடத்துக்கு வெள்ளைதான். மூடுபனி இறங்கிவிட்டால் நம் ஊரில் வெள்ளையும் காணாமல் போகும். அதற்குப் பாதி கறுப்பு பாதி வெள்ளை வாங்கிக்கொள்வது நல்லது. வெளிறிய வானத்தில் கறுப்புப் பாதி தெரியும், இருண்ட புதரில் வெள்ளைப் பாதி தெரியும். சுழன்று போகும்போது இரண்டும் மாறி மாறி மினுங்குவதில் நாய்க் கண் ஒட்டிக்கொள்ளும்.

அன்று தேயிலைக்குள் விழுந்த பம்பரை நானே போய் எடுத்திருக்கலாம். ஆனால் மேல் வரிசையில் காட்டுமாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மிளகைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். மறுநாள் போனபோது பம்பர் அங்கே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வாசலில் நின்றார். கையில் அந்த ஆரஞ்சு பம்பர். "தம்பி, இந்தத் திண்டு உங்க நாயோடதா?" என்றார்.

திண்டு! அந்தப் பொருளை வாழ்க்கையில் முதல்முறை பார்த்தவர், ஒரு நொடிகூட யோசிக்காமல் வைத்த பெயர். கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் சாய்ந்துகொள்ளப் போடும் உருண்ட தலையணையும் திண்டுதான். உருண்டு நீண்டது, உள்ளே அடைப்பு உள்ளது, அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். பம்பருக்கு வேண்டிய மூன்று குணமும் அதில் இருக்கிறது. எனவே என் பரிந்துரை எறிதிண்டு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

அந்த "கொஞ்சம் கொடுக்கும்" குணம்தான் இதில் முக்கியம். எடுத்துவரும் நாய் பொருளைக் கடிக்காமல் கவ்வ வேண்டும். கட்டை சிம்பு ஏறி வாயைக் கிழிக்கும், கல் பல்லை உடைக்கும், டென்னிஸ் பந்தின் மயிர்ப் பரப்பு நாளடைவில் பல்லைத் தேய்க்கும். குட்டிக்கு மெல்லிய கித்தான் திண்டு நல்லது. பால்பல் விழும் நான்கு முதல் ஆறு மாதம் வரை கவ்வச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. வலித்த வாய் அந்தப் பொருளையே வெறுத்துவிடும். வளர்ந்த நாய்க்கு வினைல். பெரிய வாய் என்றால் 3 அங்குலத் தடிமன். வாய் நிறைந்துவிடுவதால் மெல்ல இடம் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலையில் வினைல் விறைத்துப் போகும். அன்று காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கித்தானுக்கு எதிரி மழைக்காலம். ஜூலையில் நனைந்த என் கித்தான் திண்டு எட்டு நாள் அடுப்படியில் தொங்கியும் காயாமல் பூசணம் பூத்தது. பழக்கம் முடிந்ததும் எந்தத் திண்டையும் நாயிடம் விட்டுவைக்காதீர்கள், ஆணியில் மாட்டுங்கள். கடித்து விளையாடக் கிடைத்துவிட்டால் அப்புறம் அது வேலைப் பொருள் இல்லை.

அடுத்தது கயிறு. இதற்கும் சொல் வேண்டும், நான் தும்பு என்கிறேன். மாட்டைப் பிடிக்கும் தும்பு நமக்குத் தெரிந்ததுதான். ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி போதும். அதற்குக் குறைந்தால் சுழற்ற வராது. கூடினால் ஓடிவரும் நாயின் முன்னங்காலில் சுற்றும். நுனியில் கட்டாயம் ஒரு முடிச்சு போடுங்கள். பனியில் நனைந்த கையில் நைலான் எண்ணெய் மாதிரி வழுக்கும், என் ஆரஞ்சு தேயிலைக்குள் போனதற்குக் காரணமே முடிச்சு இல்லாத தும்புதான். கையைக் கீழிருந்து மேலாக வீசி, தோளுக்கு மேலே போகும்போது விட வேண்டும். திண்டு உயரமாக வளைந்து போய் விழும், நாய் முழு வளைவையும் பார்க்கும்.

தும்பினால் வரும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. சில நாய்கள் திண்டின் உடம்பைக் கவ்வாமல் கயிற்றைக் கவ்விவரும். திண்டு ஊசலாடி முகத்தில் அடிக்கும், நாய் உதறும், உதறல் விளையாட்டாக மாறும். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று மாட்டுக்காரனுக்குச் சொன்னோம். நாய்க்குத் தலைகீழ்: தும்பை விட்டுத் திண்டைப் பிடி. பிடிக்காவிட்டால் சில நாளைக்குத் தும்பைக் கழற்றிவிட்டு வெறும் திண்டை வீசுங்கள்.

எறிதிண்டு, தும்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

---

தம்பி, வணக்கம்.

திண்டும் தும்பும் நன்றாக இருக்கின்றன. "எறி" மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், கொடைக்கானலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எறிகணை, எறிகுண்டு என்று கேட்டு வளர்ந்த காது இது. எறிதிண்டு என்று வாசித்ததும் ஒரு கணம் எறிகுண்டு என்றே கண் வாசித்தது. ஒரு எழுத்துத்தானே வித்தியாசம். நாய்க்கும் குழந்தைக்கும் பக்கத்தில் வைக்கிற சொல்லில் அது வேண்டாமே.

இன்னொன்று. எறிவது போய்விடும், திரும்பி வராது. குப்பையை எறிகிறோம். நீங்கள் சொல்லும் பொருள் திரும்பி வரவேண்டியது அல்லவா? எங்கள் ஊர்க் கடலில் வீச்சுவலை வீசுவார்கள். கயிறு கையில் இருக்கும், வலை போகும், மீனோடு வரும்.

கொடைக்கானலிலிருந்து

---

அக்கா, தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன்.

வெலிங்டன் ராணுவ முகாமுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு எறிகுண்டு எனக்குத் தோன்றவில்லை. எறிதிண்டைத் திரும்பப் பெறுகிறேன். வீசுதிண்டு என்று வைப்போம். இதுவும் வினைத்தொகைதான், வீசிய திண்டு, வீசுகின்ற திண்டு, வீசும் திண்டு, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். வீச்சுத்திண்டு என்றும் சொல்லலாம், ஆனால் அப்போது த் மிகும், நாக்குக்கும் ஒரு சுமை கூடும்.

நீங்கள் வலையைச் சொன்னதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. லாப்ரடாரின் மூதாதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களின் நாய். தூண்டிலில் தப்பிய மீனைக் கவ்வியதும், தண்ணீருக்குள் குதித்து வலைக் கயிற்றைக் கரைக்கு இழுத்துவந்ததும் அதன் வேலை. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்த்தான் அது பறவை எடுக்கப் பழகியது. 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. வேட்டை வாடை வேண்டாம் என்று நான் ஒதுங்கினேன், நீங்கள் அந்த நாயின் பழைய தொழிலுக்கே சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள்.

வீசு என்ற வேரை வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு சொல் சும்மா கிடைக்கிறது. நாய் பார்க்கப் போடுவது பார்த்த வீச்சு. பார்க்காமல் ஒளித்துவைப்பது பாரா வீச்சு. ஆரஞ்சுத் திண்டு பாரா வீச்சுக்கு, வெள்ளை பார்த்த வீச்சுக்கு என்று கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிடும்.

அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். ரெட்ரீவர் என்பதை மீட்புநாய் என்று எழுதியிருக்கிறீர்கள். மலைச்சரிவில் மண் சரிந்தால் ஆளைத் தேட வருவதுதான் மீட்புநாய்; அந்தப் பெயரில் நம் லாப்ரடார்கள் பங்கு கேட்கக் கூடாது. இனப்பெயரை ரெட்ரீவர் என்றே விடுங்கள், வேலையைச் சொல்லும் இடத்தில் கொணர்நாய் என்று போடுங்கள். அப்புறம், வீசுதிண்டு என்று தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும். உள்ளே வெறும் திண்டு என்றே எழுதலாம், கொழுந்து பறிக்கும் அக்கா சொன்ன மாதிரி.

பழக்கும் இடம் பற்றிய பத்தியில் இரண்டு வரி சேருங்கள். சோலையைப் பார்த்தும் காப்புக்காட்டைப் பார்த்தும் வீசக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு தேயிலை ஓரத்தில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது, சிறுத்தை நடமாடும் நேரம் அது. கொடைக்கானலுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன், அக்கா சொல்லட்டும்.

கையேட்டின் நாலாம் பக்கத்தில் "மெல்வாய்" என்று ஒரு சொல் பார்த்தேன். நாய் பொருளை நசுக்காமல் கவ்வுவதற்கு வைத்திருக்கிறீர்கள் போல. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மெல்லும் வாய் என்றும் படிக்கலாமே? மென்வாய் ஆக்கினால் தீருமா என்று யோசித்து, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள்.

கோத்தகிரியிலிருந்து