எலெக்டர்: "வாக்காளர்" வேண்டாமே (ஹனோவர் சோஃபி கட்டுரைக்காக)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் ஹனோவர் அரச குடும்பத்துச் சோஃபியைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் எலெக்டர் (Elector) என்ற பட்டத்தை எப்படித் தமிழாக்குவது என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். அதற்கான என் பதில் இது.

> எலெக்டர் என்பதற்கு வாக்காளர் என்றே போட்டுவிட்டால் என்ன? அகராதியில் அதுதானே இருக்கிறது?

வேண்டாம் ஐயா. சோஃபியின் வாழ்க்கைக் குறிப்பில் "வாக்காளரின் மகள், வாக்காளரின் மனைவி" என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவருக்கு வாக்குச்சாவடிதான் கண்முன் வரும். ஜெர்மன் நாடுகளை மையமாகக் கொண்டிருந்த புனித உரோமைப் பேரரசில் இந்தப் பட்டம் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமே இருந்தது. பேரரசராக வரவேண்டிய அரசரைத் தேர்ந்தெடுக்க, 1356ஆம் ஆண்டின் பொன் ஆணை ஏழே பேருக்குத்தான் உரிமை கொடுத்தது. அதில் மூவர் பேராயர்கள்.

இந்த ஒரு சொல் சரியாக அமையாவிட்டால் சோஃபியின் கதையே புரியாது. அவருடைய அப்பா, பாலட்டினேட் என்ற ஜெர்மன் நாட்டின் எலெக்டர் ஐந்தாம் ஃபிரெடரிக். 1619இல் பொஹீமிய முடியை ஏற்றார். மறு ஆண்டே வெள்ளைமலைப் போரில் தோற்று நாட்டை இழந்தார். 1623இல் அவருடைய எலெக்டர் பட்டம் பவேரியாவுக்குப் போய்விட்டது. 1630இல் சோஃபி பிறந்ததே தி ஹேக் நகரில், நாடிழந்த குடும்பத்தில். முப்பதாண்டுப் போரை முடித்த 1648 சமாதானத்தில் அண்ணன் கார்ல் லூட்விக்குக்காகப் புதிதாக எட்டாவது எலெக்டர் இடம் ஒன்றை உண்டாக்கினார்கள். சோஃபி 1658இல் மணந்த எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், பல ஆண்டு முயன்று 1692இல் ஒன்பதாவது இடத்தைப் பெற்றார். அப்புறம் மகன் கேயோர்க் லூட்விக். மகள் சோஃபி ஷார்லட்டின் கணவரோ பிராண்டன்பர்க்கின் எலெக்டர். அப்பா, அண்ணன், கணவர், மகன், மருமகன் என்று ஐந்து பேர்! போன பட்டத்தை மீட்பதும் புதிதாகப் பெறுவதுமாகவே அந்தக் குடும்பத்தின் அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஜெர்மனில் குர்ஃபூர்ஸ்ட். குர் என்றால் தேர்ந்தெடுத்தல்; ஃபூர்ஸ்ட் என்றால் சொந்த நிலத்தை ஆளும் கோமான், அரசரின் மகன் அல்ல. அதனால் "இளவரசர்" பொருந்தாது. குழுவில் வந்த "தேர்வேந்தர்" காதுக்கு இனிமைதான். ஆனால் தேரில் வரும் வேந்தர் என்றே எவரும் படிப்பார். "தெரிவுமன்னர்" என்றால் தெரிவு செய்யப்பட்ட மன்னர் என்று தலைகீழாகிவிடும். இவர் தெரிவு செய்கிறவர். ஆகவே உரிமை என்பதைச் சேர்த்தே ஆகவேண்டும்: தெரிவுரிமைக் கோமான். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

> சோஃபிக்கு அந்த உரிமையே கிடையாதே. பிறகு எப்படித் தெரிவுரிமைக் கோமாட்டி?

நல்ல கேள்வி அக்கா, இரண்டு நாள் யோசித்தேன். பெண் எவருக்கும் அந்த வாக்கு இருந்ததில்லை. ஆனாலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அவரை அந்தப் பட்டத்தாலேயே அழைத்தார்கள். தமிழில் அரசி என்பது ஆள்பவளுக்கும் ஆள்பவனின் மனைவிக்கும் பொதுச்சொல்தானே? கோமாட்டிக்கும் அதே இடம் கொடுக்கலாம். "கோமானின் மனைவி" என்று விரித்தால் அவருடைய சொந்தத் தகுதி மறைந்துவிடும், அது எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கிலாந்தின் 1701 அரசுரிமைச் சட்டம் வாரிசாகப் பெயர் சொல்லிக் குறித்தது அவரைத்தான், கணவரையோ மகனையோ அல்ல. தாய் எலிசபெத் ஸ்டூவர்ட் வழியாக அவர் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸுக்குப் பேத்தி, அதோடு புராட்டஸ்டன்ட். 1714 ஜூன் 8 அன்று ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தபோது இறந்தார், வயது 83. ஏறத்தாழ இரண்டே மாதத்தில் பிரிட்டனை ஆண்ட ராணி ஆனும் (Anne) காலமாக, அரியணை கேயோர்க் லூட்விக்குக்கு, அதாவது முதலாம் ஜார்ஜுக்குப் போனது.

இன்னொன்று பாக்கி. அதே சட்டம் அவரை டவேஜர் (dowager) என்றும் குறிக்கிறது. 1698இல் கணவர் இறந்ததால் வந்த அடைமொழி. "கைம்பெண் கோமாட்டி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தச் சொல்லில் இருப்பது இழப்பு மட்டும்தான். டவேஜருக்கோ மதிப்பும் சொத்துரிமையும் உண்டு. "மூத்த கோமாட்டி" போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்