ஏலகிரியில் வேலை செய்றவனுக்கு ஏலகிரியில் வீடு: யார் காசு, யார் நிலம்?

அத்தனாவூரான்:
நேரா விஷயத்துக்கு வரேன். சனி, ஞாயிறு ஆனா பெங்களூரு, சென்னை வண்டிங்க மேல ஏறி ரோடே அடைச்சுக்குது. ரூம் பையன், சமையல்காரர், படகுத்துறையில நிக்கிறவர், அங்கன்வாடி ஆயா எல்லாரும் இந்த மலையிலதான் வேலை செய்றாங்க. இவங்க குடித்தனம் இருக்க வாடகைக்கு ஒரு வீடு தேடிப் பாருங்க. ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி இருந்தா ஹோம்ஸ்டேன்னு போர்டு மாட்டிடறாங்க. மாச வாடகையை ரெண்டு வாரக் கடைசியில எடுத்துடலாம்னா எவன் குடித்தனக்காரனுக்கு விடுவான்?

என் யோசனை இது. வெளியூர் ஆள் மலையில இடம் வாங்குறப்போ 1 சதவீதம் தனியா பிடிக்கணும். அந்தக் காசுல ஊராட்சியே வீடு கட்டி வாடகைக்கு விடணும். அமெரிக்காவுல ஆஸ்பென்னு ஒரு பனிச்சறுக்கு ஊர். அங்க சொத்து கைமாறும்போது அதோட விலையில 1 சதவீதத்தை உள்ளூர் ஆளுங்க வீட்டுக்குன்னே வரியா பிடிக்கிறாங்க. ஏலகிரிக்கு ஏன் ஆகாது?

14வது வளைவு:
தம்பி, நான் சின்னதா ஒரு காட்டேஜ் நடத்துறவன். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் வந்து பாருங்க, ஈ ஓட்டிக்கினு இருக்கேன். 2017 வரைக்கும் ஆடம்பர வரின்னு கட்டினோம். அப்புறம் அது ஜிஎஸ்டியில கலந்துச்சு. அதுக்கு மேல வீட்டு வரி, தொழில் வரி, லைசென்சு. இன்னொண்ணு போட்டா நான் எங்க கை வெப்பேன்? பசங்க சம்பளத்துலதான்.

அத்தனாவூரான்:
அண்ணே, நான் சொன்னது நிலம் வாங்குறப்போ. உங்க ரூம் வாடகையில ஒரு ரூபா தொடல.

கிரயப்பத்திரம்:
1 சதவீதம் புதுசா எதுக்கு கேக்குறீங்க? ஏற்கெனவே 2 சதவீதம் இருக்கு. தமிழ்நாட்டுல கிரயம் பண்ணினா முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. 2023 ஏப்ரல்ல பதிவுக் கட்டணத்தை 4ல இருந்து 2 ஆக்கினதுக்கு அப்புறம் இதான் கணக்கு. நடுவுல இருக்கிற அந்த 2 உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது. ஆஸ்பென் காரங்க வீட்டுக்குன்னு பிடிக்கிறதைவிட இது ரெண்டு மடங்கு. வீட்டுக்குன்னு முத்திரை குத்தி யாரும் எடுத்து வெக்கல, அவ்வளவுதான். தெருவிளக்கு, பைப்பு, சம்பளம்னு பொதுக்கணக்குல கரைஞ்சிடுது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. கைமாறுற காசு வேற, பத்திரத்துல ஏறுற காசு வேற. ஒரு கோடிக்குப் பேசி முடிச்ச இடத்தை 20 லட்சம்னு எழுதினா உள்ளாட்சிக்கு 40,000. உள்ளபடி எழுதினா 2 லட்சம். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசாங்கம் வெச்ச நில மதிப்பு, மார்க்கெட்டை விட்டு எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவும் இந்த வீட்டுக் காசுலதான் அடிபடுது. தினம் பத்திரம் எழுதுற மேசையிலதான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?

சத்துவாச்சாரி பேஸ்-2:
எல்லாம் சரி. முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. நிலத்தை வித்தது யாரு? மலைக்காரங்களே நல்ல விலை வந்தப்போ வித்தாங்க. இப்போ வீடு இல்லைன்னு எங்க வரிப் பணத்துல கேக்குறாங்க. நாங்க வீட்டுவசதி வாரியத்துல தவணை கட்டித்தான் வீடு வாங்கினோம், சும்மா யாரும் குடுக்கல. அரசாங்கம் கட்டிக் குடுத்தாலும் ஒதுக்கீடு வாங்கினவன் உள்வாடகைக்கு விட்டுட்டுப் போயிடுவான். ஊர் ஊருக்கு நடக்குது.

மலைத்தேன்:
பேஸ்-2 அண்ணா, "நல்ல விலை"ன்னு சொன்னீங்களே, யாருக்கு? எங்க நிலாவூர்ப் பக்கம் வித்தவங்கள்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணக் கடனுக்கும் வித்தவங்க. அன்னைக்கு ஏக்கர் கணக்குல போன நிலத்தை வாங்கினவங்க இன்னைக்கு சென்ட் கணக்குல விக்கிறாங்க. லாபம் எங்க போச்சுன்னு பாருங்க.

ஆந்திராவுல பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி இல்லாதவங்க வாங்க முடியாது. 1959ல போட்ட ஒழுங்குமுறையை 1970ல இன்னும் இறுக்கினாங்க. அது ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது அரசியலமைப்புச் சட்டப்படி பழங்குடிப் பகுதின்னு அறிவிச்ச இடம்ங்கிறதால முடிஞ்சது. தமிழ்நாட்டுல ஐந்தாம் அட்டவணைப் பகுதின்னு ஒரு இடம்கூட அறிவிக்கல. எங்க மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்ல, மலைப் பழங்குடிங்க) இந்த மாநிலப் பழங்குடிகள்ல எண்ணிக்கையில முதலிடம். ஆனா எங்க நிலத்துக்கு அந்த மாதிரி ஒரு சட்டம் கெடையாது. வேலி போடாம விட்டுட்டு மாடு ஏன் மேஞ்சுதுன்னு கேட்டா எப்படி?

அப்புறம் திட்டம். கலைஞர் கனவு இல்லம் 2024ல வந்துச்சு. 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம். நல்ல திட்டம்தான், குறை சொல்லல. ஆனா சொந்த இடம் இருக்கணும், பட்டா இருக்கணும். எங்க தாத்தா பேர்ல கூட்டுப் பட்டா. பங்காளிங்க எல்லாரும் கையெழுத்து போடணும். ஒருத்தர் ஓசூர்ல, ஒருத்தர் திருப்பூர்ல, ஒருத்தர் செத்துட்டாரு, வாரிசு சான்று இன்னும் வாங்கல. காசு தயாரா இருக்கு, மண்ணுதான் யார் பேர்லயும் இல்ல. அத்தனாவூரான் தம்பி காசைப் பத்தியே பேசுது. எங்களுக்கு முதல் பிரச்சினை பட்டா.

பொன்னேரி பைபாஸ்:
அக்கா சொன்னதுல ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிறேன். இடம் இல்ல. அப்புறம் ஏன் மேலயே கட்டணும்னு அடம்? எங்க ஊரு மலையடிவாரம். ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கம். கீழே கட்டுங்க, காலையில ரெண்டு பஸ், ராத்திரி ரெண்டு பஸ் விடுங்க. முடிஞ்சது. சமவெளியிலயே இன்னைக்கு சதுர அடி 2,000 ரூபாய்க்குக் கீழ யாரும் கட்டித் தர்றதில்ல. 360 அடிக்கு 7 லட்சம் தாண்டுது. சிமெண்டையும் எம்-சாண்டையும் 14 வளைவு ஏத்தினா இன்னும் எவ்வளவு? அந்தக் காசுல அடிவாரத்துல இன்னும் நாலு வீடு சேர்த்துக் கட்டலாம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல 18,720 தொழிலாளர் தங்குற விடுதியை அரசாங்கத்தோட சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டுல திறந்துச்சு. சமவெளியில கட்டினதாலதான் அத்தனை பேருக்கு ஒரே இடத்துல முடிஞ்சுது. மலையில அந்த மாதிரி ஒண்ணு கட்டினா அதுதான் அடுத்த நிலச்சரிவு.

அத்தனாவூரான்:
பைபாஸ் அண்ணே, ராத்திரி சாப்பாடு முடிச்சுப் பாத்திரம் கழுவி வெக்கவே பதினோரு மணி ஆவும். அப்போ எந்த பஸ்? பனியில பைக்குல வளைவு எறங்குறதை ஒருநாள் நீங்க செஞ்சு பாருங்க. அதுவும் இல்லாம, உள்ளூர்க் குடும்பம் கீழ போயிட்டா மேல இருக்கிற பள்ளிக்கூடத்துல புள்ளைங்க குறையும். புள்ளைங்க இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடுவான். அப்புறம் மலையில மிச்சம் இருக்கிறது வாட்ச்மேனும் நாயும்தான்.

18,720 பேர் விடுதியை நான் கேக்கல. ஊருக்குப் பத்து வீடு, தரைத்தளம் மட்டும், ஓட்டுக் கூரை. அதுக்கு ஒரு மலையும் சரியாது. மூணு மாடி ரிசார்ட்டுக்கு ஜேசிபி விட்டுப் பாறை வெட்டுறப்போ இந்த நிலச்சரிவு பயம் எங்க போச்சு?

பொன்னேரி பைபாஸ்:
அதையும் தப்புன்னுதான் சொல்றேன். ஒரு தப்புக்கு இன்னொரு தப்பு கணக்கு ஆகுமா.

சத்துவாச்சாரி பேஸ்-2:
வெளிநாட்டு உதாரணம் கேட்டீங்கல்ல, நான் ஒண்ணு தரேன். இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்னு கடலோர ஊரு. 2016ல ஊர் சனம் ஓட்டுப் போட்டு, புதுசா கட்டுற வீட்டை அதுல நிரந்தரமா குடியிருக்கப் போறவங்கதான் வாங்கலாம்னு முடிவெடுத்தாங்க. வெளியூர்ப் பணக்காரன் சும்மா இருப்பானா? பழைய வீட்டு மேல பாய்ஞ்சான். இங்கயும் அதுதான் நடக்கும். கிரயத்துல 1 சதவீதம் ஏத்தினா விக்கிறவன் அதை விலையில ஏத்துவான், இல்லைன்னா பத்திரத்துல இன்னும் கொறைச்சு எழுதுவான்.

கிரயப்பத்திரம்:
ரெண்டாவது சொன்னதுதான் நடக்கும். நூத்துக்கு நூறு.

அத்தனாவூரான்:
செயின்ட் ஐவ்ஸ் பண்ணினது யார் வாங்கலாம்ங்கிற கட்டுப்பாடு. நான் சொல்றது வாங்குறதே கெடையாது, வாடகை மட்டும். கனடாவுல விஸ்லர்னு பனிச்சறுக்கு ஊர், 1997ல இதுக்குன்னே ஒரு வீட்டுவசதி ஆணையம் ஆரம்பிச்சாங்க. 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸ் வீரர்கள் தங்கின குடியிருப்பு, போட்டி முடிஞ்சதும் உள்ளூர் ஆளுங்க குடியிருக்கப் போச்சு. அங்க வீட்டை வித்தாலும் ஆணையம் வெச்ச விலைதான், மார்க்கெட் விலை இல்ல. நிலம் ஊராட்சி பேர்ல இருக்கட்டும். உள்வாடகை விட்டா காலி பண்ண வேண்டியதுதான்.

14வது வளைவு:
உள்ளூர் ஆளுன்னா யாரு? எங்கிட்ட அசாம் பையன் ஒருத்தன் இருக்கான். இங்கயே கல்யாணம் பண்ணி, குழந்தை அங்கன்வாடிக்குப் போவுது. அவனுக்கு வீடு உண்டா இல்லையா?

மலைத்தேன்:
வாடகை வீட்டுக்கு உண்டு, இங்க வேலை செய்றவன்தானே. பட்டாவுக்கு இல்ல. ரெண்டையும் ஒரே பானையில போட்டுக் கிண்டாதீங்க.

பொன்னேரி பைபாஸ்:
எந்த இடத்துல கட்டப் போறீங்க? அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. ஊராட்சிக்குப் புறம்போக்குன்னு இருக்கிறதுல ஏரி, ஓடை, பாதையைக் கழிங்க. வனத்துறை எல்லையைக் கழிங்க. நீர்நிலையில ஒரு கல்லு வெச்சாலும் கோர்ட்டு இடிக்கச் சொல்லும்.

கிரயப்பத்திரம்:
கிராம நத்தத்துல, அதாவது ஊர் குடியிருப்புக்குன்னு விட்ட நிலத்துல, காலியா இருக்கிற மனையை முதல்ல எண்ணுங்க. கிராமக் கணக்கு விஏஓ கிட்ட இருக்கும், கேட்டா காட்டணும். அதோட தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. கடந்த மூணு வருஷத்துல இந்த ஊராட்சி எல்லையில நடந்த கிரயத்துக்கு சொத்து மாற்று வரி எவ்வளவு வசூலாச்சு, அதுல ஊராட்சிக் கணக்குக்கு எவ்வளவு வந்துச்சு. பத்து ரூபா செலவு. கையில அந்தத் தாள் இருந்தா கிராம சபையில தீர்மானம் கேக்கலாம், இல்லைன்னா இங்கயே பேசிக்கினு இருக்கலாம்.

14வது வளைவு:
சரி, நானும் ஒண்ணு சொல்றேன். வரின்னா வேணாம். ஊராட்சி கட்டட்டும், எங்களை மாதிரி பத்துப் பேர் சேர்ந்து ரெண்டு வருஷ வாடகையை அட்வான்ஸா தரோம். எங்க பசங்களுக்கு வீட்டை ஒதுக்கிடுங்க. கட்டுற காசுல பாதி அங்கயே தேறிடும்.

மலைத்தேன்:
அண்ணா, அட்வான்ஸ் நீங்க கட்டினா வீடு உங்க கையில. நாளைக்கு உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் பேச்சு வந்து வேலையை விட்டு நிறுத்தினா, அன்னைக்கு ராத்திரியே பொண்டாட்டி புள்ளையோட ரோட்டுல நிப்பான். அட்வான்ஸ் குடுங்க, வேணாங்கல. வேலை போனாலும் வீடு போகக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. யாருக்கு எந்த வீடுன்னு ஊராட்சிதான் சொல்லணும்.

14வது வளைவு:
அப்போ என் பசங்களுக்குக் கெடைக்குமான்னே தெரியாம நான் எதுக்குமா ரெண்டு வருஷக் காசு போடணும்?